ஆள் வருது, காசு நிக்கல: சலூன் கணக்கின் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் ஈப்போ பக்கம் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. மளிகைக்கடைக்காரர் வந்தால் சரக்கு தேங்கிப்போனதைச் சொல்வார். சாப்பாட்டுக்கடைக்காரர் கோழி விலையைத் திட்டுவார். முடிதிருத்தும் கடைக்காரர் மட்டும் எந்த ஊரிலிருந்து வந்தாலும் ஒரே புகாரோடுதான் வந்து உட்காருவார்: "அண்ணே, ஆள் வருது, காசு நிக்கல."

மளிகைக்கடையில் இன்று விற்காத அரிசியை நாளைக்கு விற்கலாம். சலூனில் இன்று பகல் 2 மணியிலிருந்து இரண்டரை வரை காலியாகக் கிடந்த நாற்காலியை நாளைக்கு விற்க முடியாது. முடிவெட்டுவதை விற்கிறோம் என்று கடைக்காரர் நினைக்கிறார். அவர் விற்பது நாற்காலி நேரம். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் வேர்விட்டிருக்கின்றன.

தொடங்கும் முன் மூன்று பொருள் வேண்டும். முதலாவது, போன மாத வங்கிக் கணக்கறிக்கை. க்யூஆர் பணம் மனைவி கணக்குக்குப் போகிறது என்றால் அந்த அறிக்கையும் சேர்த்து. இரண்டாவது, எல்லா பில்களும். மூன்றாவது, ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு பள்ளிக்கூட நோட்டு: உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், செய்த வேலை, வாங்கிய காசு. இரண்டு வாரம் எழுதினால் போதும். கைப்பேசிச் செயலியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இவை கையில் வந்ததும் உங்கள் புகார் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கிருந்து படியுங்கள்.

"நாற்காலி காலியாவே இல்ல, மாசக் கடைசியில கையில ஒண்ணும் மிஞ்சல"

முதலில் சோதிக்க வேண்டியது, உங்கள் சம்பளம் செலவுக் கணக்கில் இருக்கிறதா என்பது. பத்துக் கடையில் ஒன்பதில் இருக்காது.

ஒரு மாதிரிக் கடையை எடுத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனை. உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள். மூன்று நாற்காலி, முதலாளியும் இரண்டு வேலையாட்களும். முடிவெட்ட 20 வெள்ளி (ரிங்கிட்). நாளைக்கு 22 தலை, மாதம் 26 நாள். ஆக 572 தலை, வரவு 11,440 வெள்ளி. வாடகை 3,200. மின்சாரம், தண்ணீர் 650. இரண்டு பேர் சம்பளம் 4,400. அவர்களுக்கு முதலாளி கட்டும் ஈபிஎஃப் (சேமநிதி) 13 விழுக்காடு, 572. சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) வேலை காப்புறுதியும் சேர்த்துச் சுமார் 86. பிளேடு, பவுடர், கிரீம், துண்டு துவைப்பு என்று 900. இணையம், லைசென்ஸ், சில்லறை 350. மொத்தம் 10,158.

மிச்சம் 1,282 வெள்ளி. கடைக்காரர் இதை லாபம் என்கிறார்.

அவர் காலையிலிருந்து இரவு வரை ஒரு நாற்காலியில் நிற்கிறாரே, அந்த இடத்தில் வேறு ஆளை நிறுத்தினால் எவ்வளவு கொடுக்க வேண்டும்? 2,800 வெள்ளி என்று வைப்போம். அதைச் செலவில் எழுதினால் கடை மாதம் 1,518 வெள்ளி நட்டத்தில் ஓடுகிறது. பள்ளம் கண்ணில் படாததற்குக் காரணம், முதலாளி தன் உழைப்பை அதில் கொட்டி மேடாக்கிவிடுவதுதான். ஒருவரிடம் இதைச் சொன்னபோது கால்குலேட்டரை என் கையிலிருந்து வாங்கி அவரே மூன்று தரம் போட்டுப் பார்த்தார். நான்காவது தரம் போடவில்லை.

அடுத்த சோதனை: நாற்காலி உண்மையிலேயே காலியில்லையா? வேலையாளுக்கு வாரம் 45 மணி நேரம்தான். 2023 ஜனவரி முதல் சட்டம் அப்படி. அதற்கு மேல் நிறுத்தினால் கூடுதல் நேரச் சம்பளம். இரண்டு வேலையாட்களும் நாளைக்கு ஏழரை மணி, முதலாளி பத்து மணி என்றால் மாதத்துக்கு 650 நாற்காலி மணி. 572 தலைக்கு அரை மணி வீதம் 286 மணி. பாதி கூட ஓடவில்லை. சனி, ஞாயிறு நெரிசலும் மாலை 6 மணிக் கூட்டமும் கண்ணில் நிற்கின்றன. செவ்வாய் மதியம் மறந்துபோகிறது. நோட்டு மறக்காது.

இப்போது வகுத்துப் பாருங்கள். முதலாளி சம்பளத்தோடு செலவு 12,958. ஒரு நாற்காலி மணிக்குச் செலவு 19.94 வெள்ளி, வரவு 17.60. ஒவ்வொரு மணியும் 2 வெள்ளி 34 காசு ஒழுகுகிறது.

எத்தனை தலை வந்தால் ஒழுகல் நிற்கும்? ஒரு தலைக்குப் பொருள் செலவு சுமார் 1.57, ஆக 20 வெள்ளியில் கடைக்கு நிற்பது 18.43. வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டிய செலவு 12,058. வகுத்தால் 654 தலை, நாளைக்கு 25 சொச்சம். 22 எங்கே, 25 எங்கே? மூன்றே மூன்று தலைதான் வித்தியாசம். இது தெரியாமல்தான் பலர் விளக்கை அணைத்தும் பவுடரைத் தண்ணீரில் கரைத்தும் காசு பிடிக்கப் பார்க்கிறார்கள். மின்சார, தண்ணீர்க் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் 65 வெள்ளி. நாளைக்கு ஒரு தலை கூடினால் மாதம் 479 வெள்ளி.

"விலை ஏத்தினா ஆள் போயிடும்"

போகும். எத்தனை பேர் போகலாம் என்பதுதான் கணக்கு.

20 வெள்ளியை 23 ஆக்கினால் ஒரு தலைக்கு நிற்பது 21.43. பழைய 572 தலையில் நின்ற அதே தொகைக்கு இப்போது 492 தலை போதும். அதாவது 80 பேர் போனாலும் நீங்கள் பழைய நிலையில்தான் இருப்பீர்கள். நூற்றுக்குப் பதினான்கு பேர். ஒருவருமே போகாவிட்டால் மாதிரிக் கடையின் 1,518 நட்டம் 198 வெள்ளி லாபமாகிவிடும். முடிவெட்டிக்கொள்ள வருபவர் உங்கள் கைக்குப் பழகியவர். அவர் பின்மண்டைச் சுழி எங்கே என்று உங்களுக்குத் தெரியும். 3 வெள்ளிக்காகப் புதுக் கையில் தலையைக் கொடுக்கப் பலரும் யோசிப்பார்கள்.

ஆனால் பக்கத்து வரிசையில் உங்களைப்போலவே மூன்று கடை இருந்தால் இந்தப் பதினான்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்போது பெரியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பழைய விலையை வைத்துவிட்டு, தாடி திருத்தம், ஃபேட் (பக்கவாட்டில் படிப்படியாகக் குறைத்து வெட்டுவது) போன்ற நேரம் பிடிக்கும் வேலைகளுக்கு மட்டும் ஏற்றுங்கள். நோட்டைப் பாருங்கள்: ஃபேட் 45 நிமிடம் எடுத்து சாதா வெட்டின் விலையே வாங்கினால் அங்கேதான் முதல் ஓட்டை. தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் விலையை மாற்றாதீர்கள். நம் ஆட்கள் அதை ஐந்து வருஷம் பேசுவார்கள்.

"சாயமும் ரீபாண்டிங்கும் நல்லா ஓடுது, லாபம் மட்டும் கூடல"

பெண்கள் சலூனில் அதிகம் கேட்பது. 90 வெள்ளி பில் கண்ணைப் பறிக்கிறது. 35 வெள்ளி வெட்டு சின்னதாகத் தெரிகிறது. இரண்டையும் மணிக் கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

சாயம் 90 வெள்ளி என்றால் பொருள் 22, கமிஷன் 30 விழுக்காடு 27, கடைக்கு நிற்பது 41. நாற்காலி இரண்டு மணி நேரம் பிடிபட்டது. மணிக்கு 20.50. வெட்டு 35 வெள்ளி என்றால் பொருள் 2, கமிஷன் 10.50, நிற்பது 22.50, நேரம் 40 நிமிடம். மணிக்கு 33.75. சின்ன பில்தான் கடையைத் தூக்கிப் பிடிக்கிறது.

அதற்காகச் சாயத்தை நிறுத்த வேண்டியதில்லை. அந்த இரண்டு மணியில் முக்கால் மணி சாயம் ஊறும் நேரம். அப்போது வேலை செய்யும் தங்கச்சி கைப்பேசி பார்த்துக்கொண்டு நிற்கிறாளா, அடுத்த தலையை வெட்டுகிறாளா? ஓரமாக ஒரு சாதாரண நாற்காலி போட்டு ஊறும் தலையை அங்கே மாற்றினால் சாயத்துக்குக் கை நேரம் 75 நிமிடம்தான், மணிக்கு 32.80 வந்துவிடும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தீர்ந்த கோளாறை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு ஓட்டை சாயக் கிண்ணம். வேலை முடிந்து கழுவும்போது கிண்ணத்தில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு வாரம் எட்டிப் பாருங்கள். சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி, தோள்வரை முடிக்கு இத்தனை கிராம், குட்டை முடிக்கு இத்தனை என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நீள முடிக்குக் கூடுதல் குழாய் போகிறது என்றால் பில்லிலும் கூடுதலாகப் போக வேண்டும். சங்கடப்பட்டுச் சொல்லாமல் விடுவதால்தான் அந்த 22 வெள்ளி 35 ஆகிறது.

"கணக்குல லாபம் இருக்கு, பேங்குல காசு இல்ல"

லாபம் வேறு, கையிருப்பு வேறு. காசு போகும் வழிகளை வரிசையாகத் தேடுங்கள்.

முன்பணப் பேக்கேஜ் விற்றீர்களா? பத்துத் தடவைக்கு முன்கூட்டியே காசு வாங்கினால் அது இன்னும் உங்கள் காசு ஆகவில்லை, வேலைக்கடன். தீபாவளிக்கு முன் வாங்கிச் செலவழித்துவிட்டு, டிசம்பர் முழுக்கக் காசு வராத தலைகளை வெட்டிக்கொண்டிருப்பார்கள். பேக்கேஜ் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். ஒரு தடவை வேலை முடிந்ததும் ஒரு பங்கை மட்டும் கடைக் கணக்குக்கு மாற்றுங்கள்.

தவணை கட்டுகிறீர்களா? நாற்காலி, குளிர்சாதனம், வேன் ஆகியவற்றின் தவணையில் அசல் பகுதி செலவுக் கணக்கில் வராது, ஆனால் காசு போய்விடும். புதுக்கடை என்றால் வைப்புத்தொகை: 3,200 வாடகைக்கு இரண்டு மாத வைப்பு, மின்சாரம்-தண்ணீருக்கென்று ஒரு மாத வாடகையளவு வைப்பு, முதல் மாத வாடகை என்று கேட்டால் முதல் தலையில் கத்தரி படுவதற்கு முன்பே 12,800 வெள்ளி வெளியே.

கடைசியில் கல்லாப்பெட்டி. பிள்ளைக்கு டியூஷன், கோயிலுக்கு நன்கொடை, மச்சானுக்குக் கைமாற்று, மாதக் கூட்டு (சீட்டு). கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை: 1971 ஆம் ஆண்டுச் சட்டப்படி அது இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. கூட்டு நடத்தும் தலைவி ஓடிப்போனால் புகார் கொடுக்கப் போகிறவர் தானும் அதில் இருந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கடைக்கு முதலீடு தேவை என்றால், சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்கும் அரசு நிறுவனமான தெக்குன் நேஷனலின் ஸ்புமி கடன் இந்தியச் சமூகத்துக்கென்றே இருக்கிறது. பதிவும் கணக்கும் கேட்பார்கள். ஆலோங் என்னும் கந்துவட்டிக்காரன் எதையும் கேட்கமாட்டான். அதுவே அவனிடம் போகாமல் இருக்கப் போதுமான காரணம்.

மாதம் ஒரு தேதியில், ஒரே தொகையை, சம்பளம் என்று உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள். அதற்கு மேல் கல்லாவில் கை வைத்தால் நோட்டில் எழுதுங்கள். வெட்கமே பாதியைத் தடுத்துவிடும்.

"செவ்வாய், வெள்ளிக்கிழமை ஈ ஓட்டுறோம்"

நம்மவர் செவ்வாய், வெள்ளியில் முடி எடுக்கமாட்டார்கள். அமாவாசையும் சேர்ந்தால் வாரம் போச்சு. இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்தப் பழக்கம் பக்கத்து அடுக்குமாடியில் இருக்கும் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இல்லை. செவ்வாய்க்கு 15 வெள்ளி என்று பலகை வைக்கிறீர்கள் என்றால் அதை மலாயிலும் சீனத்திலும் எழுதி அவர்கள் நடக்கும் பக்கம் வையுங்கள். புதுத்தலை வந்தால் 13.43 நிற்கும், சும்மா கிடந்த நேரத்துக்கு அது நல்ல காசு. சனிக்கிழமை வரும் பழைய தலையே செவ்வாய்க்கு மாறினால் 5 வெள்ளி போகும். சனிக்கிழமை வரிசையைப் பார்த்துவிட்டு ஆட்கள் திரும்பிப்போகிற கடை என்றால் அதுவும் பரவாயில்லை. காலியான இடத்தில் வேறு தலை உட்காரும். அப்படி இல்லாத கடையில் தள்ளுபடி வெறும் தானம்.

ஆண்டுக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். தைப்பூச விரதத்தில் இருப்பவர்கள் வாரக்கணக்கில் முடி, தாடி எடுக்கமாட்டார்கள். பிறகு பத்துமலையிலேயே மொட்டை போட்டுவிடுவார்கள். அந்தத் தலை உங்கள் நாற்காலிக்குத் திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகும். சீனப் புத்தாண்டுக்கு முன் சீன வாடிக்கையாளர் நெரிசல், பிறந்த பிறகு சில நாள் வெறிச். இந்த மேடுபள்ளம் தெரிந்தால் வேலையாள் விடுமுறையைப் பள்ளத்தில் கொடுக்கலாம்.

"வேலையாள் கிடைக்கல, கிடைச்சாலும் நிக்கல"

2,200 வெள்ளி சம்பளத்து ஆளின் உண்மை விலை 2,529: ஈபிஎஃப் 286, சொக்சோ வகையறா சுமார் 43. ஆண்டுக்கு 11 பொது விடுமுறை, முதல் இரண்டு வருடத்தில் 8 நாள் ஆண்டு விடுப்பு, இதெல்லாம் நாற்காலி நிற்கச் சம்பளம் ஓடும் நாட்கள். மாதிரிக் கடையில் ஒரு வேலையாள் தன் செலவையும், வாடகை முதலியவற்றில் மூன்றில் ஒரு பங்கான 1,400 வெள்ளியையும் தூக்க மாதம் 213 தலை வெட்ட வேண்டும், நாளைக்கு எட்டு. ஆளுக்கு எத்தனை தலை என்று நோட்டு சொல்லும். ஐந்தில் நிற்கிறார் என்றால் கோளாறு அவர் கையிலா, முதலாளி நல்ல தலைகளையெல்லாம் தன் நாற்காலிக்கு இழுத்துக்கொள்வதிலா என்று நேர்மையாகப் பாருங்கள்.

"கமிஷன் மட்டும்தான், சம்பளம் இல்ல" என்ற ஏற்பாடு பல கடையில் உண்டு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேரும் அதற்கு மேலும் உள்ள கடைகளுக்கு, அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் எல்லாருக்கும். கமிஷனில் வேலை செய்பவருக்கும் மாதம் அதற்குக் குறையக்கூடாது. கமிஷனுக்கும் ஈபிஎஃப் கட்ட வேண்டும். கூடுதல் நேரச் சம்பளத்துக்குத்தான் தேவையில்லை.

வெளிநாட்டு ஆள் என்றால் மலிவு என்று நினைப்பவர்களுக்கு: முடிதிருத்தும் கடை, ஜவுளிக்கடை, பொற்கொல்லர் பட்டறை ஆகிய மூன்று துறைக்கும் 2009 முதல் ஆள் எடுக்கத் தடை இருந்தது, 2023 இல் 7,500 பேருக்கு அனுமதி அறிவிக்கப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. கோட்டா கிடைத்தாலும் தீபகற்பத்தில் சேவைத்துறை லெவி (வெளிநாட்டு ஆளுக்கு அரசுக்குக் கட்டும் கட்டணம்) ஆண்டுக்கு 1,850, மாதம் 154 வெள்ளி. அதோடு காப்புறுதி, தங்குமிடம், சொக்சோ, 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து 2 விழுக்காடு ஈபிஎஃப். சம்பளம் அதே 1,700 இலிருந்துதான் தொடங்கும். கூட்டிப் பார்த்துவிட்டு மனுப் போடுங்கள்.

இருக்கிற ஆள் தானாகப் போனால் உடனே அடுத்த ஆளைத் தேடி ஓடாதீர்கள். இரண்டு மாதம் இரண்டு நாற்காலியோடும் சனி, ஞாயிறுக்கு ஒரு பகுதிநேர ஆளோடும் ஓட்டிப் பாருங்கள். மாதிரிக் கடையில் அந்த ஆளின் 2,529 மிச்சமாகி, நூற்றுக்குப் பதினைந்து தலை குறைந்தால்கூட, பகுதிநேரக் கூலிக்கு முன் நட்டம் 1,518 இலிருந்து 570 ஆகச் சுருங்குகிறது.

"நோட்டுக்கும் கல்லாவுக்கும் ஒத்துப்போகல"

தலைக் கணக்கை விலையால் பெருக்குங்கள். ரொக்கத்தையும் க்யூஆரையும் கூட்டுங்கள். தினமும் இரவு, கடை சாத்தும் முன். 10, 20 வெள்ளி வித்தியாசம் வந்தால் மறதி. ஒரே ஆளின் வேலை நாளில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அது மறதி இல்லை. திருட்டு என்று கத்துவதற்கு முன், க்யூஆர் அட்டை யார் கணக்குக்கு என்று ஒருதரம் ஸ்கேன் செய்து பாருங்கள்.

"வரிதான் கொல்லுது"

பெரும்பாலும் இல்லை. 2025 ஜூலை 1 இல் சேவை வரி விரிந்தபோது முடிவெட்டுக்கும் 8 விழுக்காடு வரும் என்ற பேச்சு இருந்தது. அமலுக்கு வரும் முன்பே அழகுச் சேவைகளை அரசு விலக்கிவிட்டது. "வரி ஏறிடுச்சு" என்று வாடிக்கையாளரிடம் சொல்லி விலை ஏற்றியவர்கள் பொய் சொன்னதாகிவிட்டது. கடை வாடகைக்குச் சேவை வரி வந்தது உண்மை. ஆனால் சிறு வியாபாரிகளுக்கு விலக்கு உண்டு. கட்டட முதலாளி வாடகை பில்லில் சேர்த்திருந்தால் கேளுங்கள்.

தனியுரிமைக் கடையில் நீங்கள் எடுக்கும் சம்பளத்தை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. மேலே சொன்ன 2,800 உங்களுக்கு நீங்களே உண்மை சொல்லிக்கொள்ளத்தான். பி படிவத்துக்கு வேறு கணக்கு. பில்களை 7 வருடம் வையுங்கள். வெயிலில் எழுத்து மங்கும் ரசீதுகளைப் படம் எடுத்து வையுங்கள்.

எல்லாம் பார்த்தாச்சு, இன்னும் ஒழுகுது

அப்படியானால் வாடகை. மாதிரிக் கடையில் வாடகை மட்டும் வரவில் நூற்றுக்கு 28. என் கண்ணில் 20 ஐத் தாண்டினாலே நாற்காலிகள் கட்டட முதலாளிக்காகச் சுற்றுகின்றன. ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே நோட்டை விரித்து, மாடிக்கடையின் வாடகையைப் போட்டு 654 என்ற எண்ணை மறுபடி கணக்கிடுங்கள். மாடி வாடகை 1,800 என்றால் 578 தலை போதும். இப்போது வருவது 572. பழைய வாடிக்கையாளர் படியேறுவார்களா என்பதைக் கணக்கால் சொல்ல முடியாது. அடுத்த வாரம் நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவரையும், பின்கழுத்துக்குப் பவுடர் போடும்போது, கேட்டு எழுதுங்கள். முட்டிவலிக்காரர்களைத் தனியாக எண்ணுங்கள்.